கயிற்றின் மேல் நடந்தவள்

நற்றிணையின் 95ஆம் பாடலில் ஒரு கயிறு வருகிறது. கோட்டம்பலவனார் பாடியது. மலையூர் ஒன்றுக்குக் கூத்தாடிகள் வந்திருக்கிறார்கள். வாத்தியங்கள் முழங்க, முறுக்கேற்றிய கயிற்றின் மேல் ஒரு பெண் நடந்திருக்கிறாள். ஆட்டம் முடிந்த பிறகு அந்தக் கயிற்றில் ஒரு குரங்குக் குட்டி ஏறித் தொங்குகிறது. அதைப் பார்த்துக் குறவர் வீட்டுப் பிள்ளைகள் தாளம் கொட்டுகிறார்கள். குரங்கின் முகம் அத்திப்பழம் மாதிரிச் சிவப்பு என்பதுவரை புலவர் சொல்லிவிடுகிறார். நடந்தவளைப் பற்றிச் சொல்வது ஒரே சொல்: ஆடுமகள். அவள் முகம் எப்படி இருந்தது, எந்த ஊர்க்காரி, எதுவும் இல்லை.

குறுந்தொகையின் 7ஆம் பாட்டிலும் கயிறாடுகிறவர்கள் உண்டு. வாகை நெற்று காற்றில் கலகலக்கும் ஓசைக்கு, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையை உவமை சொல்கிறார் பெரும்பதுமனார். ஆக, அன்றைக்கே கயிறாடுபவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். ஊர் கூடிப் பார்க்கிறது, அவர்கள் போய்விடுகிறார்கள், சத்தம் மட்டும் மனசில் நிற்கிறது. சர்க்கஸின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பாட்டும்தான் முன்னால் வந்து நிற்கும். முதலாளிகளின் பெயர் தெரியும். யானைகளின் பெயர்கூடத் தெரியும். கயிற்றில் நடந்தவளின் பெயர்?

நம் ஊர்களில் கழைக்கூத்தாடிகள் இதைத் தெருவிலேயே செய்துவந்தார்கள். மூங்கிலை எதிரெதிராகச் சாய்த்து நட்டு, நடுவில் கயிறு. அப்பா மேளம் அடிப்பார், அம்மா தட்டு ஏந்துவார், ஏழெட்டு வயசுப் பெண் மேலே நடப்பாள். டிக்கெட் கிடையாது, கூடாரம் கிடையாது. தட்டு பக்கத்தில் வரும்போது பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். இந்தக் குடும்பத் தொழிலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், வாசலிலேயே காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது சர்க்கஸ்.

அந்த வட்டம் வந்த கதை குதிரையிலிருந்து தொடங்குகிறது. பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் 1768இல் லண்டனில் வித்தை காட்ட ஆரம்பித்தார். நேராக ஓடும் குதிரை மேல் நிற்பது கஷ்டம். வட்டமாக ஓடினால் குதிரையும் ஆளும் உள்பக்கம் சாய்வார்கள், வேகம் வெளிப்பக்கம் தள்ளும், இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். எவ்வளவு பெரிய வட்டம் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் 42 அடி விட்டம் என்று நிலைத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அநேகமாக அதே அளவுதான். குதிரையே இல்லாத சர்க்கஸிலும்! அந்தரத்தில் ஒரு பாரை விட்டு இன்னொரு பாருக்குத் தாவும் வித்தையை ஜூல் லியோதார் 1859இல் பாரிஸில் முதலில் காட்டினார். அப்போது வலை கிடையாது, கீழே மெத்தைகள்தான்.

இந்தியாவுக்கு வந்தது இன்னும் சுவாரசியமான கதை. சியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாயில் கூடாரம் அடித்திருந்தது. பார்க்கப்போன குருந்த்வாட் அரசரிடம், இந்தியர்கள் சொந்தமாக சர்க்கஸ் நடத்தும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்று சியாரினி சொன்னாராம். அரசரின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விஷ்ணுபந்த் சத்ரேவுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1880 மார்ச் 20இல் அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸ் முதல் காட்சி நடத்தியது. அதில் சத்ரே குதிரை வித்தை காட்டினார். ஊஞ்சலில் பறந்ததும் விலங்குகளைப் பழக்கியதும் அவர் மனைவி. பெரும்பாலான குறிப்புகளில் அந்தம்மா 'சத்ரேவின் மனைவி', அவ்வளவுதான். பாதி நிகழ்ச்சியைத் தோளில் சுமந்த ஒருத்திக்கு வரலாறு கொடுத்தது வேற்றுமை உருபு ஒன்று.

சத்ரேவின் குழு தெற்கே வந்தபோது தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தது. களரியும் உடற்பயிற்சியும் கற்றுத்தந்த ஆசிரியர். 1901இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு நாற்பது ஐம்பது வருஷம், இந்தியாவில் எந்தக் கூடாரத்துக்குள் போனாலும் பாரில் தொங்கியது பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான். களரி இருந்த ஊர், வளையத் தெரிந்த உடம்புகள் என்பது ஒரு காரணம். வீட்டில் சோறு இல்லை என்பது இன்னொன்று. சாப்பாடு போட்டு, வித்தையும் சொல்லித்தந்து, மாசம் கொஞ்சம் பணமும் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால் பெண் பிள்ளையையும் அனுப்பிவைக்கிற நிலைமையில் இருந்த குடும்பங்கள்.

அங்கே பயின்றவர்களில் நாம் பெயர் சொல்லக்கூடியவர், 2023 ஏப்ரலில் மறைந்த ஜெமினி சங்கரன். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி, பார் வித்தைக்காரராக இருந்து, 1951இல் விஜயா சர்க்கஸ் என்ற நொடித்துப்போன கம்பெனியை வாங்கி, தன் ராசியின் பெயரான 'ஜெமினி'யை வைத்தார். அவர் மறைந்தபோது நாடே எழுதியது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர் முதலாளியாக ஆனதால்தான் அவர் பார் ஆடிய கதையும் நமக்குக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும்.

நான் முதன்முதலில் சர்க்கஸ் பார்த்தது ஐந்தாம் வகுப்பில், திண்டிவனத்தில். எங்கள் ஊர் பிரம்மதேசம். (எண்ணாயிரம் பக்கத்தில் சோழர் கோயில்கள் இருக்கிற பிரம்மதேசம் வேறு. இது மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது.) கூட்டிப்போனது அத்தை. மரக்காணம் உப்பளத்தில் வேலை. மழை நின்று, பாத்தி கட்டி, உப்பு எடுக்க ஆரம்பித்து, கையில் கூலி புழங்கிய மாசம். சர்க்கஸ்காரர்களுக்கும் அதுதான் சீசன். மழையில் கூடாரம் நிற்காது, உப்பும் விளையாது.

கேலரி டிக்கெட். ஏணிப்படி மாதிரிப் பலகைகள், காலைத் தொங்கப்போட்டால் கீழே இருட்டு. மரத்தூள் வாசனை, அதுக்கு மேலே சிங்கத்தின் மூத்திர நெடி. அப்போது சிங்கம் இருந்தது. நான் போனதே அதுக்காகத்தான். கூண்டுக் கம்பிகளை வேகவேகமாகப் பூட்டி வட்டத்தைச் சுற்றி நிறுத்தினார்கள், ஐந்து சிங்கங்கள் வந்தன, ஸ்டூலில் ஏறின, ஒன்று கொட்டாவி விட்டது, போய்விட்டன. அத்தைக்கு அதில் மனசே போகவில்லை. "பாவம்டா, தூக்கத்துல எழுப்பிக் கூட்டியாந்த மாதிரி இருக்குது" என்றது.

பிறகு கம்பி நடை. கையில் குடையோடு ஒரு பெண். ஜிகினா உடுப்பு, முகத்தில் ரோஸ் பவுடர். நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பியது.

"மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கற? காலப் பாருடா. விரல எப்பிடி வெக்கிறா பாரு. வரப்பு வழுக்குனா நாங்க அப்பிடித்தான் வெப்போம்."

உப்பள வரப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலை வைக்கிற அகலம், இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர், தலையில் ஈரம் சொட்டும் கூடை. சுமை ஆடாமல் இருக்க இடுப்புக்கு மேலே அசையக்கூடாது. குதிகாலில் வெடிப்பு விழுந்து உப்பு ஏறும். அத்தைக்கு அந்த வட்டத்துக்குள் நடந்தது அதிசயம் இல்லை. தெரிந்த வேலை ஒன்றை இன்னொருத்தி நன்றாகச் செய்கிறாள் என்கிற பார்வை. கூடாரத்தில் நிறைய உப்பளக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கைதட்டிய இடங்களும், முன்வரிசை நாற்காலிக்காரர்கள் கைதட்டிய இடங்களும் வேறு வேறாக இருந்தன.

கடைசியில் பார். மேலே ஒருவர் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குகிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆடி வருகிறவள், ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் எடையில்லாமல் நிற்குமே, அந்தக் கணத்தில் கையை விடவேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கும் என்பதால் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிக்கிறார்கள். முதல் தடவை அவள் பிடி தவறி விழுந்தாள். கூடாரமே 'ஐயோ' என்றது. வலையில் முதுகு படும்படி விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே மறுபடி ஏணி ஏறினாள். அந்த 'ஐயோ'வில் பயத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. கொடுத்த காசுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட சத்தம். முதல் தாவலை வேண்டுமென்றே தவறவிடும் வழக்கம் சர்க்கஸில் உண்டு என்று பிற்பாடு படித்தேன். நம்மிடம் எது விலைபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி பஸ் போய்விட்டது. மரக்காணத்துக்குக் காலியாகத் திரும்பிய உப்பு லாரியில்தான் வந்தோம்.

தமிழ்நாட்டுக்கு சர்க்கஸ் கனவைப் பெரிதாகக் கொடுத்தது 1948இல் வந்த 'சந்திரலேகா'. எஸ்.எஸ். வாசன் படத்தில் சர்க்கஸைச் சேர்க்க முடிவெடுத்ததும், கொத்தமங்கலம் சுப்புவை ஊர் ஊராக அனுப்பி சர்க்கஸ்களைப் பார்த்துவரச் சொன்னார். கமலா சர்க்கஸும் பரசுராம் லயன் சர்க்கஸும் ஒப்பந்தமாயின. கதையில் டி.ஆர். ராஜகுமாரியின் சந்திரலேகா சர்க்கஸ்காரியாகிறாள், பாரில் ஆடுகிறாள். யோசித்துப் பாருங்கள், அரண்மனையிடமிருந்து தப்பிக்கிற ஒரு பெண் ஒளிந்துகொள்ள அந்தக் கதை தேர்ந்தெடுத்த இடம் சர்க்கஸ். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், யார் எவர் என்று கேட்கமாட்டார்கள், அங்கே யாரும் அவளைத் தேடமாட்டார்கள். திரையில் இது விடுதலை. நிஜக் கூடாரத்தில் இதே காரணம் எதிர்ப்பக்கமாக வேலை செய்தது. உள்ளே இருக்கிற சிறுமியைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

கேரளத்தில் படிப்பும் வேறு வேலைகளும் வளர்ந்தபோது தலச்சேரிப் பிள்ளைகள் குறைந்தார்கள். அந்த இடத்துக்கு நேபாளத்திலிருந்து சிறுமிகள் வந்தார்கள், பலபேர் தரகர்கள் மூலமாக. ஒப்பந்தம் வருஷக்கணக்கில். கூடாரங்களில் அடியும் அத்துமீறலும் நடக்கிறது என்று குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஏப்ரல் 18இல் தீர்ப்பு வந்தது: சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய அறிவிப்பு வெளியிடவேண்டும், இருப்பவர்களை மீட்கவேண்டும்.

விலங்குகளுக்கு அதற்கு முன்பே வழி பிறந்திருந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1998 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றன. மீட்ட சிங்கங்களை வைத்துப் பராமரிக்க வண்டலூர் உட்பட சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் திறந்தார்கள். சரியான தீர்ப்பு. நான் பார்த்த கொட்டாவிச் சிங்கங்களும் ஒருவேளை அப்படி எங்காவது போய்ப் படுத்திருக்கலாம்.

இரண்டு தீர்ப்புகளையும் சர்க்கஸைக் கொன்றவை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயசில் பழகாவிட்டால் உடம்பு வளையாது என்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். பதினெட்டு வயசில் தானாக வந்து கற்றுக்கொள்ள யாரும் தயாராக இல்லாத ஒரு தொழிலுக்கு எட்டு வயசுப் பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம்? விரும்பி வருகிறவர்களுக்குக் கற்றுத்தர கேரள அரசு 2010இல் தலச்சேரியில் சர்க்கஸ் அகாதமி திறந்தது. சில வருஷங்களில் அது மூடப்பட்டது. முப்பது வயசுக்கு மேல் பார் ஆடமுடியாமல் போனவர்கள் கூடாரத்திலேயே சமைக்கிறார்கள், துணி தைக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தருகிறார்கள். கேரளத்தில் பழைய கலைஞர்களுக்குச் சின்ன ஓய்வூதியம் உண்டு. நேபாளத்துக்குத் திரும்பியவளுக்கு அதுவும் இல்லை.

கொரோனாவில் நின்றுபோய் மறுபடி கிளம்பிய ஒரு கம்பெனி பாண்டிச்சேரிப் பக்கம் வந்தபோது அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் போய்விட்டது, கேலரி ஏறமுடியாது. நாற்காலி டிக்கெட் எடுத்தேன், "இதுல உக்காந்தா ஒண்ணும் தெரியாதுடா" என்று முணுமுணுத்தது. பாதிக் கூடாரம் காலி. கிளி, நாய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குட்டிக்கரண இளைஞர்கள், மரணக் கூண்டில் பைக். பாரில் ஆடியவர்களில் வடகிழக்கு முகங்கள் நிறைய. பதினெட்டு தாண்டியவர்கள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மைக்கில் பெயர் சொன்னார்கள், வித்தையின் பெயர்.

காட்சி முடிந்து வெளியே வந்தபோது, கம்பியில் நடந்த பெண் சட்டை மாற்றிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கத்தில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அத்தை நின்று, "உம் பேரு இன்னாம்மா?" என்றது. அவளுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, சிரித்து ஏதோ சொன்னாள். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்கும் கேட்டிருக்காது. தலையை ஆட்டிவிட்டு அவள் செருப்பில்லாத காலை ஒரு தடவை பார்த்தது, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தது.