குரத்தியர் வழியில் ஒரு டாக்டரம்மா

ஜோகுபாளையத்திலோ அல்சூரிலோ நம் பிள்ளைகளை நிறுத்தி, டி.வி.எஸ். என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். வண்டி என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை மதுரையில் 1911இல் தொடங்கிய கம்பெனி என்று சொல்லும். அந்தக் கம்பெனியை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் ஒருவர் கிராமத்து ஆஸ்பத்திரியும், பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்வி நிலையமும் உருவாகக் காரணமாக இருந்தார் என்பதை மட்டும் பெரியவர்களே சொல்வதில்லை. அவர்தாம் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் (1904-1984).

இந்த அம்மையாரைப் பற்றி எழுதுமுன் ஆயிரம் ஆண்டு பின்னால் போய்வர வேண்டியிருக்கிறது. வந்தவாசிப் பக்கம் வேடல் என்றொரு ஊர். அங்கே முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரையும் அவருடைய பெரிய மாணாக்கியர் கூட்டத்தையும் பேசுகிறது. அவர்களைக் காத்துச் சோறிடுவோம் என்று ஊரார் பொறுப்பேற்ற செய்தியும் அதில் உண்டு. ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்துப் பட்டினிக் குரத்தியார் ஊருக்குக் கிணறு வெட்டினார். கழுகுமலைப் பாறைகளிலும் குரத்தியர் பெயர்கள் உள்ளன. ஆக, படிப்பு சொல்லிக் கொடுப்பதும் ஊருக்குத் தண்ணீர் தருவதும் ஒரே பெண்ணின் வேலையாக இருந்த காலம் நம்மிடம் இருந்திருக்கிறது. இடையில் எங்கோ அது விட்டுப்போயிற்று.

சௌந்தரம் பிறந்த காலத்தில் பெண்ணுக்கு விதி வேறு. பதினான்கு வயதில் திருமணம். மருத்துவரான கணவர் சௌந்தரராஜன் 1925இல் இறந்தார். இருபது கடந்த வயதில் கைம்பெண். அன்றைய வழக்கப்படி பின்கட்டு அறையில் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது. ஆனால் நீ படிக்க வேண்டும் என்று கணவர் சொல்லியிருந்தார். தகப்பனாரும் தடை சொல்லவில்லை. டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936இல் டாக்டராக வெளிவந்தார். வயது முப்பத்திரண்டு. அங்கே உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது.

கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு. சாதி வேறு, அதோடு கைம்பெண் மறுமணம். ஓராண்டு ஒருவரையொருவர் பார்க்காமல், கடிதமும் எழுதாமல் இருங்கள். அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் செய்துவைக்கிறேன் என்றார் காந்தியடிகள். மனம் மாறவில்லை. 1940இல் அவர் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது.

கஸ்தூர்பா 1944இல் மறைந்தபின், கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிசெய்ய அவர் பெயரில் அறக்கட்டளை எழுந்தது. தமிழகப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. 1947இல் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் சின்னாளபட்டிக்கும் அருகே காந்திகிராமம் தோன்றிற்று. அப்போது அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். சின்னாளபட்டிச் சேலையைக் கடையில் கேட்டு வாங்கும் நம் பெண்மணிகள் இந்தச் செய்தியையும் சேர்த்து முடிந்துகொள்ளலாம்.

சமண மரபில் தானம் நான்கு: ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். காந்திகிராமத்தின் வரவுசெலவை இந்த நான்கு தலைப்பில் எழுதிப் பார்த்தால் ஒன்றுகூட விட்டுப்போகாது. சிறு மருத்துவமனையாகத் தொடங்கிய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி ஔஷதம். பெற்றோரற்ற குழந்தைகளுக்கான இல்லமும் ஆதரவற்ற பெண்களுக்குக் கிடைத்த புகலிடமும் அபயம். கதரும் கைத்தொழிலும் கூலியாகி அடுப்பெரித்தன, அது ஆகாரம். கிராம சேவிகைப் பயிற்சியும் பள்ளிகளும் சாஸ்திரம்.

சாஸ்திரம் அதோடு நிற்கவில்லை. 1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, கிராமத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றது. 1956இல் காந்திகிராம கிராமிய நிறுவனம் தொடங்கிற்று. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்கும் 1964இல் தனி நிறுவனம் எழுந்தது. ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த குடும்ப நலப் பணி நாடு முழுதும் பேசப்பட்டது.

பதவிகளும் வந்தன. 1952, 1957 தேர்தல்களில் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் சென்றார். மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்ம பூஷண் விருதும் கிடைத்தது. 1967 தேர்தலில் தோல்வி. தோற்றவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது பாருங்கள், அதுதான் முக்கியம். நாற்காலி போனால் எல்லாம் போயிற்று என்பது அவருக்குப் பொருந்தாது.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. பசிபிக் கடலில் உள்ள சமோவா 1962இல் விடுதலை பெற்ற சிறு நாடு. அங்கே ஃபியாமே நவோமி மத்தாஃபா என்ற அம்மையார் 1991 முதல் 2006 வரை கல்வி அமைச்சர். 2021 முதல் 2025 வரை அந்நாட்டின் முதல் பெண் பிரதமர். அவரும் வலுவான குடும்பத்துப் பெண். தந்தை அந்நாட்டின் முதல் பிரதமர். குடும்பப் பெயர் வாசலைத் திறந்துவிடும். உள்ளே போய் உழைப்பது அவரவர் கையில்.

சௌந்தரம் அம்மையாரின் வரவுக் கணக்கில் நான் முதலில் வைப்பது கட்டடங்களை அல்ல, ஒரு மனுஷியை. ஏழைத் தலித் குடும்பத்துப் பெண்ணான கிருஷ்ணம்மாள், மதுரையில் இவர் ஆதரவில் விடுதியில் தங்கிப் படித்தார். பின்னாளில் கணவர் ஜெகந்நாதனுடன் சேர்ந்து, நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்தாம். 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது அவர்களுக்கு வந்தது. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த படிப்பு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டாவாக மாறிற்று. வட்டி என்றால் இதுவல்லவா வட்டி!

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நாம், பெண்ணின் கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணை இன்றும் சுப காரியங்களில் ஒதுக்கி உட்கார வைக்கிற வீடுகள் நம்மில் இல்லையா? அவளைப் படிக்க அனுப்பும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? 1925இல் ஒரு மதுரைக் குடும்பத்துக்கு அந்தத் துணிவு இருந்தது. சங்கத்தின் கல்வி உதவித் தொகையில் ஒரு பங்கை இப்படிப்பட்ட பெண்களுக்கென்று இந்த ஆண்டே ஒதுக்குவோமானால், குரத்தியர் விட்ட இடத்திலிருந்து நாமும் ஓரடி நடந்தவர்களாவோம்.

வாழ்க தமிழ்! வளர்க அறம்!