வெயில் காயவைத்த கைகள்

தீபாவளிக்குப் பட்டாசைத் தொட்டா விரல்ல வெள்ளி நிறத்துல ஒட்டுதே, அது அலுமினியப் பொடி. நமக்கு ஒரு நாள். சிவகாசித் தொழிலாளிக்கு மாசக்கணக்கில்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அது இங்கே நிலைக்க வறண்ட வானிலை உதவியது: குச்சி சீக்கிரம் காயும். பின்னால் வந்த பட்டாசுக்கும் அதே வெயில்தான்.

ஆனா அந்த வெயில் கையையும் காயவைக்கும். பொடியைப் போக்க சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க, தோலின் எண்ணெய்ப் பசையும் போய் வெடிப்பு விழும். வேலை முடிஞ்சு கழுவின கையில், ஈரம் முழுசா காயுறதுக்குள்ள தேங்காய் எண்ணெய் தடவினா அந்த ஈரம் தோல்ல தங்கும்.

வெயில் வளர்த்த தொழிலின் கதையைச் சொல்றப்போ, இந்தக் கைகளையும் சேர்த்துத்தான் சொல்லணும்.