'கொம்பியூட்டர்' என்பது ஒரு மனிதரின் பதவியாக இருந்த காலம்



உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்களிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் இசட் புள்ளியைப் பற்றியவைதான். இந்த முறை அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா மறித்து வேறொன்று கேட்டார். "மகன் சொப்ட்வெயார் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான் சேர். காசக் கட்டிப் படிச்சி முடியக்குள்ள அந்த வேல இருக்குமா? எல்லாத்தையும் ஏஐயே எழுதுதாமே." கையில் ஒரு டிப்ளோமா பாடநெறியின் துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார்.

அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தவர் ஒரு கணித ஆசிரியை.

டொரதி வோன், 1910இல் பிறந்த கறுப்பினப் பெண். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற ஊரின் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 டிசம்பரில் லாங்லி விமானவியல் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலையின் பெயர் 'கொம்பியூட்டர்'. அன்று அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, கணக்குப் போடுகிற ஆளைத்தான் குறித்தது. காற்றுச் சுரங்கத்தில் விமான மாதிரிகளைச் சோதித்து எடுத்த அளவீடுகள் தாள் தாளாக வரும். மேசைக் கணிப்பொறியை வைத்துக்கொண்டு அந்த எண்களைச் சூத்திரங்களில் இட்டு, நிரல் நிரலாக விடைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனி மலசலகூடம், சாப்பாட்டுக்கும் தனி மேசை. 1949இல் வோன் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானார். அந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளரான முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1950களில் ஐபிஎம் நிறுவனத்தின் மின்னணுக் கணினிகள் வந்து சேர்ந்தன. ஓர் அறை நிறையப் பெண்கள் பல நாட்களாகப் போடும் கணக்கை அந்த இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கையால் கணக்குப் போடும் உத்தியோகத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்பது வோனுக்கு விளங்கிவிட்டது. அவர் ஃபோர்ட்ரான் என்ற புதிய நிரலாக்க மொழியைப் படித்தார். தான் படித்ததோடு நிற்காமல் தன்னோடு வேலை செய்த பெண்களுக்கும் படிப்பித்தார். ஆசிரியைதானே, பழக்கம் விடுமா?

அந்த ஃபோர்ட்ரானின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு கணினிக்கு ஒரு கட்டளை கொடுப்பதென்றால் இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் குறியீடுகளில்தான் எழுத வேண்டும். அது தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஐபிஎம்மில் ஜோன் பேக்கஸ் தலைமையிலான குழு, கணிதச் சமன்பாடு மாதிரியே எழுதினால் இயந்திரமே அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வழியைச் செய்தது. வெளியானது 1957இல். ஆனால் 1954இல் எழுதிய ஆரம்ப அறிக்கையிலேயே, இது வந்தால் நிரல் எழுதும் வேலையும் பிழை திருத்தும் வேலையும் அநேகமாக இல்லாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று ஏஐ பற்றிப் பேசுவதும் கிட்டத்தட்ட இதைத்தான். நடந்தது நேர்மாறு. நிரல் எழுதுவது இலகுவானதால் வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், அரச திணைக்களங்கள் எல்லாம் கணினியைத் தேடி வந்தன. நிரல் எழுதுவோர் குறையவில்லை, பல மடங்கு பெருகினார்கள்.

இதை மட்டும் சொல்லி அந்த வாப்பாவை அனுப்பிவிடலாம். ஆனால் அது பாதிக் கதை. கையால் கணக்குப் போடும் வேலை உண்மையிலேயே அழிந்தது. 1958இல் அந்த நிறுவனம் நாசாவாக மாறியபோது வோனின் பிரிவு கலைக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வேலை செய்த புதிய கணினிப் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது, ஸ்கவுட் ரொக்கட் திட்டத்திலும் பங்களித்தார். ஆனால் மேற்பார்வையாளர் பதவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் விரும்பியும் கிடைக்கவில்லை. 1971இல் ஓய்வு பெற்றார். படித்ததால் வேலை தப்பியது, தகுதிக்குரிய பதவி தப்பவில்லை. 'படித்துக்கொண்டே இருந்தால் பயமில்லை' என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

கோபோல் மொழியின் கதையும் இப்படித்தான். 1959இல் தொடங்கிய அந்த மொழியில்தான் உலகத்து வங்கிக் கணக்குகளில் பெரும்பகுதி ஓடியது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்களை 2000ஆம் ஆண்டுக்கு முன் திருத்த வேண்டி வந்ததால் அது தெரிந்தவர்களுக்குத் திடீர்க் கிராக்கி. வேலை முடிந்ததும் கிராக்கியும் முடிந்தது. பிறகு 2020 ஏப்ரலில், கொரோனா நேரம், நியூ ஜேர்சி ஆளுநர் கோபோல் தெரிந்த தொண்டர்கள் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். வேலையிழந்தோருக்குப் பணம் கொடுக்கும் அரச கணினிகள் அந்தப் பழைய மொழியில் இருந்தன, அதைத் திருத்தத் தெரிந்தவர்களைத்தான் காணவில்லை.

நாங்கள் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் ஃபிளாஷ் பழகினால் தொழில் நிச்சயம் என்றார்கள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தன. இவர்கள் படிக்காதவர்கள் அல்லர். பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆட்களை எடுத்த கணக்கை அவர்கள் தலையில் தீர்த்தார்கள். இன்று ஏஐ முதலில் தொடுவது, புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பழகக் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல் வேலைகளை. ஏணியின் முதல் படி அதுதான் என்பதால் எங்களுக்கும் கவலை இருக்கிறது.

மறுநாள் அந்தத் துண்டுப்பிரசுரத்தை வாங்கிப் பார்த்தோம். ஐந்து மொழிகளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கணிதம் இல்லை. தரவுத்தளம் ஒரு வரியில் வந்து போகிறது. இன்னொருவர் எழுதிய நிரலை வாசித்துப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி எந்த இடத்திலும் இல்லை. வோன் ஃபோர்ட்ரானுக்கு மாறியது கணக்குத் தெரிந்ததால். இந்தப் பாடநெறியில் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, மொழி மாறினால் பிள்ளையிடம் என்ன மிஞ்சும் என்று அங்கேயே போய்க் கேட்கச் சொன்னோம். மகனையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார். காசு இன்னும் கட்டவில்லை.