கந்தப்பன் பெயர் எந்த அடிக்குறிப்பில் இருக்கிறது?



ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் காட்சி நடக்கும்போது, விடுதி மாணவர்கள் பணம் சேர்த்து அயோத்திதாசர் தொகுதிகளை வாங்கிப் போவதைப் பார்க்கிறோம். வாங்கிய கையோடு ஒரு கேள்வி எழுகிறது. இதை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பது? 'தமிழன்' இதழ் என்றா, தொகுப்பு நூல் என்றா?

இரண்டையும் குறிக்க வேண்டும் என்பதே நம் பதில். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914இல் பண்டிதர் மறையும்வரை அவர் ஆசிரியத்துவத்தில் வந்தது. அந்தத் தாள்களை எந்தப் பல்கலைக்கழகமும் தேடிப் போகாத காலத்தில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரு தொகுதிகளாக வெளியிட்டது. தொகுப்பை மட்டும் படித்துவிட்டு, மூல இதழையே புரட்டியதுபோல் தேதி போடுகிறவர் இத்தனை பேரின் உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறார். தொகுப்பின் பக்க எண்ணை மட்டும் போடுவதும் போதாது. தொகுதிகள் அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை. 1908இல் எழுதியதும் 1912இல் எழுதியதும் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கலாம். இதழின் தேதியைச் சொல்லாவிட்டால் பண்டிதர் ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியதுபோல் ஆகிவிடும்.

இனி கந்தப்பனுக்கு வருவோம். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள், நாலடி ஓலைகளைத் துரை வழியாக எல்லிஸிடம் சேர்த்தார், அவை பின்னர் அச்சேறின என்று அயோத்திதாசர் எழுதுகிறார். எல்லிஸ் கம்பெனி அதிகாரி, குறளில் தோய்ந்தவர். ராயப்பேட்டைக் கோயில் கிணறு ஒன்றில் 1818இல் அவர் வைத்த கல்வெட்டிலேயே குறள் மேற்கோளாக இருக்கிறது. குறள் 1812இல் அச்சானது.

இதை எப்படி எழுதுவது? "கந்தப்பன்தான் குறளைக் கொடுத்தார்" என்று முற்றுப்புள்ளி வைப்பது மேடைக்குச் சரி, கட்டுரைக்குச் சரியில்லை. "ஆதாரமற்ற குடும்பக் கதை" என்று தள்ளுவது அதைவிட மோசம். "கந்தப்பன் கொடுத்ததாக அவர் பேரன் அயோத்திதாசர், ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் தம் இதழில் பதிவுசெய்கிறார்" என்று எழுதுங்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார், கொடுத்தவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகிறது. எடைபோடுவதை வாசகர் பார்த்துக்கொள்வார். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு தந்தவர்களின் பெயர்களை நன்றியோடு குறித்தார். மடங்களும் புலவர் வீடுகளும் அப்படித்தான் அச்சு வரலாற்றில் இடம்பெற்றன. ஒரு பட்லருக்கு அந்த இடத்தைத் தர அவருடைய பேரனே பத்திரிகை நடத்த வேண்டியிருந்தது.

மேற்கோள் என்பது ஏதோ பட்டம் வாங்குகிறவர்களின் சடங்கு என்று நினைக்கும் தோழர்கள் பஞ்சமி நில வழக்குகளைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கை, அதைத் தொடர்ந்து 30.9.1892 தேதியிட்ட வருவாய்த் துறை ஆணை. எண்ணும் தேதியும் துறையும் சரியாக இருந்தால்தான் வட்டாட்சியர் மனுவைக் கையில் வாங்குவார். அதோடு கிராமம், சர்வே எண், யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல். 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்கொடுத்த பிரச்சினை இது. ஆனால் நம் துண்டறிக்கைகளில் "12 லட்சம் ஏக்கர்" என்ற எண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணின் முதல் ஊற்று எது என்று கேட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்காரும் மாணவர், பத்துக் கூட்டத்துக்குச் சமமான வேலையைச் செய்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. மென்பொருள் எழுத்தைத்தான் அளக்கும். சேரியில் ஒரு கிழவி இரண்டு மணி நேரம் சொன்ன வரலாற்றை எடுத்து, தன் கண்டுபிடிப்பாக எழுதினால் அது பூஜ்ஜிய விழுக்காடு. எத்தனையோ ஆய்வேடுகளில் நம் பாட்டிகள் "தகவலாளி, பெண், வயது 70" என்று மட்டும் இருக்கிறார்கள். அதே ஏட்டில் அவர்களைப் பற்றி எழுதிய பேராசிரியருக்கு முழுப்பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் உண்டு.

பெயர் வெளியே வந்தால் ஊரில் வேலை போகும், அடி விழும் என்ற நிலை உண்டு. அப்போது மறைக்கத்தான் வேண்டும், மறைத்த காரணத்தையும் ஏட்டில் சொல்ல வேண்டும். அந்த ஆபத்து இல்லாத இடத்தில் அவரிடமே கேளுங்கள்: "பாட்டி, உங்க பேரைப் போடட்டுமா?" போடச் சொன்னால் பெயர், ஊர், பேசிய தேதி மூன்றையும் அடிக்குறிப்பில் எழுதுங்கள். ஏடு முடிந்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டுங்கள். திருத்தச் சொன்னால் திருத்தியபின் நெறியாளரிடம் போகலாம்.