மூப்பும் மூளையின் கார்ட்டிசால் ஏற்பிகளும்

கார்ட்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன் ஆகும். எலிகளில் இதன் பணியைச் செய்வது கார்ட்டிகோஸ்டிரோன். இவை செயல்பட, செல்களில் உள்ள ஏற்பி எனும் புரதத்துடன் இணைய வேண்டும். வயது ஏறும்போது மூளையில் இந்த ஏற்பிகள் என்ன ஆகின்றன என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

ஏற்பிகளைக் கண்டறிதல்

1968-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவனும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்கம் ஏற்றிய கார்ட்டிகோஸ்டிரோனை எலிகளுக்குச் செலுத்தினர். அது நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் அதிகமாகத் தங்கியது. உடலின் ஹார்மோன் நினைவின் இருப்பிடத்தையே தொடுகிறது என்பது புதிய செய்தியாக இருந்தது.

1985-இல் நெதர்லாந்தின் ரியூல், டி குளுட் ஆகியோர் அங்கு இருவகை ஏற்பிகள் இருப்பதை விளக்கினர். ஒருவகை குறைந்த அளவு ஹார்மோனுடனேயே இணைந்துவிடும். மற்றது ஹார்மோன் அளவு உயரும்போதுதான் பெரிதும் நிரம்பும்.

அடுக்குவிளைவுக் கருதுகோள்

முதிய எலிகளின் ஹிப்போகேம்பஸில் ஏற்பிகள் குறைவதை 1983-இல் ராபர்ட் சபோல்ஸ்கி, மெக்யூவன் குழுவினர் கண்டனர். ஹார்மோன் சுரப்பை அடக்கும் கடிவாளங்களுள் ஹிப்போகேம்பஸும் ஒன்று. ஏற்பி குறைந்தால் கடிவாளம் தளரும். ஹார்மோன் நெடுநேரம் மிகுந்திருக்கும். அது நரம்புச் செல்களைச் சிதைக்க, ஏற்பிகள் மேலும் குறையும். இந்தச் சுழற்சியை சபோல்ஸ்கி, கிரே, மெக்யூவன் ஆகியோர் 1986-இல் கருதுகோளாக முன்வைத்தனர்.

திருத்தங்கள்

மூப்பில் இச்சுழற்சி தவிர்க்க முடியாததா? 1988-இல் கனடாவின் மைக்கேல் மீனி குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. பிறந்த சில வாரங்கள் நாள்தோறும் சிறிது நேரம் கையிலெடுக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்கு ஏற்பிகள் மிகுதியாக இருந்தன. முதுமையில் நினைவிழப்பும் குறைவாக இருந்தது.

1996-இல் ராப், கேலகர் ஆகியோர் முதிய எலிகளின் ஹிப்போகேம்பஸ் செல்களை எண்ணிப் பார்த்தனர். கற்றல் திறன் குன்றிய எலிகளிலும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. மூப்பின் மறதிக்குச் செல்கள் பெருமளவில் மடிவதே காரணம் என்ற கருத்து இதனால் வலுவிழந்தது. செல்களின் கிளைகள், இணைப்புகள், ஏற்பிகள் ஆகியவற்றின் மாற்றங்கள் கவனம் பெற்றன.

மனிதரிடம்

1998-இல் சோனியா லூப்பியன் குழுவினர் முதியோரை ஆண்டுக்கணக்கில் கவனித்து வெளியிட்ட ஆய்வில், கார்ட்டிசால் தொடர்ந்து உயர்ந்திருந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சிறுத்தும் நினைவாற்றல் குறைந்தும் இருந்தன. எல்லா முதியோருக்கும் கார்ட்டிசால் உயரவில்லை என்பதும் தெரிந்தது.

அல்சைமர் நோயாளிகள் பலரிடம் கார்ட்டிசால் மிகுந்து காணப்படுகிறது. ஆயினும் அது நோய்க்குக் காரணமா, சிதைந்த ஹிப்போகேம்பஸ் கடிவாளத்தை இழந்ததன் விளைவா என்பது முடிவாகவில்லை. ஏற்பிகள் மாறுவது ஆபத்தைக் கூட்டலாம். ஆனால் மூப்படைந்தோர் அனைவருக்கும் மறதிநோய் வருவதில்லை.