கலாஸ் முதல் லாலி வரை: வால்டேர் நடத்திய வழக்குகள்

வால்டேரை மதவெறியின் எதிரியாக மட்டும் காண்பது நெடுநாள் வழக்கம். 1694இல் பாரிஸில் பிறந்து, பஸ்தீய் சிறையையும் இங்கிலாந்து வாசத்தையும் கடந்து, நாடகமும் வரலாறும் கதையுமாக எழுதிக் குவித்த அவர், வாழ்வின் கடைசிப் பதினாறு ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சில வழக்குகளைக் கையிலெடுத்தார். அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால், அவருடைய கேள்வி மதத்திலிருந்து நீதிமுறையை நோக்கி நகர்வது தெளிவாகும். இதற்கு வலுவான சான்று கலாஸ் வழக்கு அன்று, அதிகம் பேசப்படாத லாலி வழக்கே.

தூலூஸ் நகரத் துணி வணிகர் ழான் கலாஸ் புராட்டஸ்டன்ட். 1761 அக்டோபரில் அவருடைய மூத்த மகன் வீட்டிலேயே இறந்து கிடந்தான். அவன் கத்தோலிக்கனாக மாறவிருந்ததால் தந்தையே கொன்றார் என்ற ஊர்ப்பேச்சு குற்றச்சாட்டாயிற்று. 1762 மார்ச் 10 அன்று கலாஸைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். மறு ஆண்டே வால்டேர் சகிப்புத்தன்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1765 மார்ச்சில் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. இதை மதச்சகிப்பின் வெற்றியாகவே நினைவுகூர்கிறோம். ஆனால் தொடக்கத்திலிருந்தே அவர் விடாமல் கேட்டது விசாரணை ஆவணங்களை வெளியிட வேண்டும் என்பதே. 1670ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணை இரகசியமாக நடந்தது. பெருங்குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் துணை கிடையாது. தண்டனைக்குக் காரணம் சொல்லும் கடமையும் நீதிபதிகளுக்கு இல்லை. வதந்திகளைக் கால் சாட்சி, அரைக்கால் சாட்சி என்று கூட்டி முழுச் சாட்சியாக்கும் முறையை அவர் 1766இல் கடுமையாகத் தாக்கினார்.

அந்த 1766இல் பாரிஸ் உயர் நீதிமன்றம் விதித்த அல்லது உறுதிசெய்த இரு மரண தண்டனைகள் ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் நிறைவேறின. ஜூலை 1 அன்று அப்வில் நகரில் கொல்லப்பட்ட இளைஞர் ல பார் மீதிருந்தது தெய்வநிந்தனைக் குற்றம். அவர் உடலோடு வால்டேரின் தத்துவ அகராதியையும் எரித்தார்கள். அதற்கு முன் மே 9 அன்று, வாயை அடைத்துத் தலை வெட்டப்பட்டவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. வந்தவாசியில் 1760 ஜனவரியில் தோற்று, மறு ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர். லாலி கத்தோலிக்கர், அவர் வழக்கில் மதச் சிக்கல் எதுவும் இல்லை. ஆயினும் வால்டேர் அதை விடவில்லை. 1773இல் இந்தியாவையும் லாலியையும் பற்றித் தனி நூலே எழுதினார். மதவெறியை எதிர்ப்பது மட்டுமே அவர் நோக்கம் என்று கொண்டால் இந்த நூலுக்கு விளக்கமே கிடைக்காது.

லாலி அவருக்குப் பழைய அறிமுகம், அந்தப் பற்றே எழுதவைத்தது என்று வாதிடலாம். அறிமுகம் உண்மை. ஆனால் லாலியின் முரட்டுக் குணத்தை வால்டேர் மறைக்கவில்லை. தோல்வியும் கடுங்கோபமும் துரோகமாகிவிடுமா என்றுதான் கேட்டார். தமிழ் வாசகர் எழுப்பக்கூடிய மறுப்பு இதைவிடக் கனமானது. 1758இல் தஞ்சைப் படையெடுப்பின்போது கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடி, பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கியால் சுட்டுக் கொல்லவைத்தவருக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்? என் பார்வையில் இந்தக் கொடுமையே வால்டேரின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. மன்னர், அரசு, கம்பெனி ஆகியோரின் நலனுக்குத் துரோகம் செய்தார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது போன்ற பொதுச் சொற்களோடு தீர்ப்பு நின்றுவிட்டது. எந்தச் செயல், எந்தச் சாட்சி என்று அது விளக்கவில்லை. காரணம் கூறாத தீர்ப்பு குற்றவாளிக்கு மட்டும் அநீதி செய்வதில்லை. அவரால் செத்தவர்களையும் பதிவிலிருந்து அழித்துவிடுகிறது.

1778 மே மாதம் அரசவை அத்தீர்ப்பை ரத்து செய்தது. மரணப் படுக்கையில் செய்தியறிந்த வால்டேர் லாலியின் மகனுக்குச் சில வரிகள் சொல்லி எழுதவைத்தார். மே 30 அன்று இறந்தார். வழக்கு அதோடு தீரவில்லை. மறுவிசாரணையில், புதுச்சேரியில் பிறந்தவரும் அங்கே ஆளுநராயிருந்து லாலியோடு மோதிய லெய்ரியின் உறவினருமான தெப்ரெமெனில் கடுமையாக எதிர்த்தார். 1783இல் திழோன் நீதிமன்றம் லாலியை மறுபடி குற்றவாளி என்றது. ஆக, இந்த வழக்கில் வால்டேரின் வெற்றி அரைகுறையானதே. மாற்றம் சட்டத்தில் வந்தது. 1789 அக்டோபரில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உரிமை கிடைத்தது. 1790 ஆகஸ்ட் சட்டம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்கியது. இதற்கெல்லாம் மூலவர் 1764இல் நூல் வெளியிட்ட இத்தாலியர் பெக்காரியா அல்லவா என்பார்கள். கோட்பாடு அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெக்காரியா நூலுக்கு உரை எழுதி, அதன் வாதங்களைப் பெயரும் ஊரும் உள்ள மனிதர்களின் வழக்குகளோடு பிணைத்துப் பிரெஞ்சு வாசகர் முன் வைத்தவர் வால்டேர்.