ரொட்டி வீடும் கூழ் வீடும்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் ஒரு வீட்டின் அந்தஸ்தைக் காலையிலேயே சொல்லிவிடுவார்கள். ரொட்டிக்காரரின் சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். நீள ரொட்டி வாங்குகிற வீடு பெரிய உத்தியோகஸ்தர் வீடாக இருக்கும், அல்லது சொல்தா வீடாக இருக்கும். (சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) அதற்கு அடுத்தது இட்லி வீடு. கூழ் கரைக்கிற வீடு கடைசி. பெண் கொடுத்து எடுக்கும்போதுகூட இந்தக் கணக்கு பேச்சில் வந்து போகும்.

நம் கடற்கரை மண்ணில் கோதுமை விளைவதில்லை. பிரெஞ்சுக்காரர்களோடு வந்த ரொட்டி, நெடுங்காலம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் தெருக்களில்தான் பெரும்பாலும் இருந்தது. மேற்கே இருந்த தமிழர்களில் வசதியுள்ளவர்கள் நெல்லுச்சோறு உண்டார்கள். மற்றவர்கள் கேழ்வரகும் கம்பும். பிரெஞ்சுக்காரரோடு வியாபாரம் செய்து பெரும்பணம் சேர்த்த குடும்பங்கள்கூட அவர்கள் மேசைக்கு ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. சாதி ஆசாரம் அவர்களுக்குப் போதுமான மரியாதையைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மாற்றம் வந்தது 1881இல். அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, இந்து, முகமதிய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படலாம் என்றாயிற்று. அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான்கள். செருப்பணிந்து நீதிமன்றம் போனதற்காகப் பாரீசு வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அவர்களில் முன்னோடி. துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். தாழ்த்தப்பட்ட சாதியினரும் அதிகம். பேரை மாற்றினார்கள், உடையை மாற்றினார்கள், ரொட்டியும் அவர்கள் வீட்டுக்கு வந்தது. பலர் இந்தோசீனாவுக்குக் குமாஸ்தாவாகவும் போலீசாகவும் சிப்பாயாகவும் கப்பலேறினார்கள். சைகோனிலிருந்து திரும்பியபோது பென்ஷனோடு வியட்நாமிய நேமும் வந்தது. இன்றைக்கும் சில வீடுகளில் விருந்தென்றால் நேம் பொரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

இவர்களை மற்ற தெருக்காரர்கள் கேலி செய்ததை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளைக்காரன் என்பார்கள். அந்தக் கேலியில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை. கேலி பேசியவர்களில் எத்தனை பேர் தங்கள் பந்தியில் அவர்களுக்கு இலை போட்டார்கள்? நம் சமையல் யார் கையால் ஆனது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று ஆயிரம் கேள்வி கேட்கும். ரொட்டிக்கடையில் காசு கேட்டார்கள், சாதி கேட்கவில்லை. அந்த ருசி நாக்கில் மட்டும் இருந்ததல்ல.

கூழின் கதை வேறு. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிற பழமொழியிலேயே கூழ் ஒரு பக்கம், கௌரவம் மறுபக்கம். ஆனால் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது மாடிவீட்டுக்காரரும் சொம்பு நீட்டுவார். பிரசாதமானால் இழுக்கில்லை, மறுநாள் அதையே பசிக்குக் குடித்தால் இழுக்கு. நாங்கள் படித்த பிரெஞ்சு வழிப் பள்ளியில் காலை உணவு என்ற பாடத்தில் ரொட்டி, வெண்ணெய், பழக்குழம்பு, காப்பி எல்லாம் படத்தோடு இருந்தன. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மிசியே கேட்டால், கம்பங்கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டு வந்த பையனும் ரொட்டி என்றே சொல்வான். கூழுக்கு அந்தப் புத்தகத்தில் சொல் இல்லை.

பிறகு கோதுமையே இரண்டு சாதியாகப் பிரிந்தது. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அது ரேஷன் கடைக்கு வந்தபோது வேண்டாவெறுப்பாக வாங்கிப் போனார்கள். ரொட்டிக்கடையில் வெந்தால் துரை வீட்டுப் பண்டம், ரேஷன் பையில் வந்தால் பஞ்சத்துப் பண்டம். இரண்டுமே கடல் கடந்து வந்த பழக்கம்தான். அதே கோதுமை பின்னாளில் சர்க்கரை வியாதிக்காரர்களின் இரவுச் சப்பாத்தியாக, டாக்டர் சீட்டோடு, வசதியான வீடுகளில் மறுபடியும் நுழைந்தது.

பிரான்சிலும் இதுதான் நடந்திருக்கிறது. அங்கே வெள்ளை ரொட்டி பணக்காரருக்கு, தவிடு கலந்த கறுப்பு ரொட்டி ஏழைக்கு. 1793 நவம்பரில் லியோன் நகரில் புரட்சி அதிகாரிகள் இரண்டையும் ஒழித்து, எல்லாருக்கும் ஒரே சமத்துவ ரொட்டி என்று ஆணையிட்டார்கள். ஆணை நிலைக்கவில்லை. இன்று பாரீசில் தவிட்டோடு சேர்ந்த ரொட்டிக்குத்தான் விலை கூடுதல். வெள்ளை ரொட்டி சாதாரணமாகிவிட்டது.

இங்கேயும் அப்படியே. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கேழ்வரகுக்கும் கம்புக்கும் பெரிய ஓட்டல்களில் இடம் கிடைத்திருக்கிறது. நீள ரொட்டியோ எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. யார் வாங்கினார்கள் என்று பார்ப்பவர் இல்லை. எங்கள் பேட்டை முனையில் ஓர் அம்மா தள்ளுவண்டியில் கூழ் விற்கிறார். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாடு. நடைப்பயிற்சி முடித்துக் காரில் வருகிறவர்களும் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் பார்சல் கட்டச் சொல்கிறார்கள். வண்டியருகே நின்று சொம்பில் குடிப்பவர்கள் கொத்தனார்களும் மீன்காரர்களும்தான்.